கண்டறிந்து எழுதிய மா. கிருஷ்ணன்

இயற்கையைப் பாடாத தமிழ்ப் பாவலர் இலர். ஆயினும், தாம் பாடும் பறவையை நேரிற்கண்டு, அதன் பெயரறிந்து பாடுவோர் சிலரே. கண்டறிந்த பின்னரே எழுதுவதைத் தம் வாழ்நாள் நெறியாகக் கொண்டவர் கானுயிர் அறிஞர் மா. கிருஷ்ணன்.

1912ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். பத்மாவதி சரித்திரம் தந்த அ. மாதவையாவின் கடைசி மகன். 1925இல் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் தமிழுக்காகப் பேசி அமர்ந்த தந்தையார் அங்கேயே உயிர்நீத்தபோது, கிருஷ்ணனுக்கு வயது 13.

சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். பேராசிரியர் ஃபைசன் மாணவரை மலைகளுக்கு அழைத்துச் சென்று, செடிகொடிகளை அவை வளரும் இடத்திலேயே காட்டியவர். அப்பயிற்சி இறுதிவரை நிலைத்தது. பின்னர்ச் சட்டமும் கற்றார். 1942 முதல் சண்டூர்ச் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி எனப் பல பணிகள் ஆற்றினார். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் சென்னை மீண்டவர், எழுத்தையும் ஒளிப்படத்தையுமே வாழ்வாக்கிக் கொண்டார். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய அவருடைய பத்தி, 1996 பிப்ரவரி 18இல் அவர் மறையும் வரை தொடர்ந்தது.

முதுமலை அவர் பலகாலும் நாடிய காடு. வேனிலில் அங்கு மரங்கள் இலையுதிர்த்து நிற்கும், குட்டைகள் வற்றும். யானையும் காட்டெருதும் புள்ளிமானும் எஞ்சிய நீரைத் தேடி வெளிப்படும். காண வருவோர்க்கு நற்காலம், விலங்குகளுக்கோ அல்லற்காலம். பல கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே அமைத்த பளுவான கேமராவைச் சுமந்து, கால்நடையாகவும் பணியானை மீதமர்ந்தும் காட்டினுள் சென்றார். கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். 1968இல் நேரு ஆய்வுநல்கை பெற்றுத் தென்னகப் பெருவிலங்குகளின் நிலையை ஆராய்ந்தார்; அவ்வாய்வு 1975இல் நூலாயிற்று. அயல்நாட்டு மரங்களை நட்டு அழகுபடுத்துவதை அவர் ஏற்றதில்லை. மண்ணுக்குரிய மரமே மண்ணின் உயிர்களைக் காக்கும் என்பது அவர் கொள்கை.

சங்க இலக்கியத்தில் தோய்ந்த இவ்வறிஞர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுத நேர்ந்தது நம் இழப்பு. அவருடைய தமிழ்க் கட்டுரைகள் மறைவுக்குப் பின்னரே, மழைக்காலமும் குயிலோசையும் என்ற தொகுப்பாக வந்தன.

முதலியார்பேட்டைக்கு மேற்கே, 2008இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பெற்ற ஊசுட்டேரி உள்ளது. கோடைக்காலையில் அதன் கரையில் நிற்கும் நம்மவர் பலருக்கு அங்குள்ளவை யாவும் வெறும் பறவைகளே. நெற்றியில் வெண்ணிற நாமம் தரித்து நீந்துவதை நாமக்கோழி என்று பெயரிட்டவன், எழுத்தறியாத ஒரு சிற்றூரானாகவும் இருக்கலாம்; அவன் கவிஞன். இத்தகைய பெயர்கள் வழக்கொழிந்தால், அவற்றை ஈன்ற பார்வையும் ஒழியும். மன்றத்துப் பாவலர்கள் அடுத்த கோடையில் ஏரிக்கரை செல்லும்போது, ஒரு பறவையையேனும் பெயரறிந்து திரும்புதல் வேண்டும். கிருஷ்ணனுக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே.