றைபைசன் சரித்திரச் சுருக்கம்

ஜேர்மனி தேசத்துச் சீக் நதிக்கரையிலுள்ள ஹாம் என்னும் ஊரிலே 1818 ஆம் ஆண்டிற் பிறந்தவர் பிரெடரிக் வில்ஹெல்ம் றைபைசன். 1845 இல் வையர்புஷ் என்னுமிடத்துக்குத் தலைவராயினார். அடுத்த ஆண்டு விளைவு பொய்த்துப் பஞ்சம் வந்துற்றது. அரசினர் அனுப்பிய மாவைக் கைப்பணத்துக்கே விற்றல் வேண்டுமென்பது கட்டளை. அவரோ பணமில்லா ஏழைகளுக்கு அதனைக் கடனாக அளித்தார். செல்வரிடம் பொருள் திரட்டிப் பொதுவிலே போறணை கட்டுவித்துப் பாணைக் குறைந்த விலைக்கு வழங்கினார்.

பின்னர் 1849 இலும் 1854 இலும் வேறிரண்டு ஊர்களிலே ஏழைகட்குதவுஞ் சங்கங்களை நிறுவினார். அவை செல்வரின் ஈகையையே பற்றி நின்றன. செல்வரது ஊக்கங் குன்றவே அவையுந் தளர்ந்தன. ஈகையொன்றே போதுமென்று நெடுநாள் நம்பிய அவருக்கு அந்நம்பிக்கையை விடுதல் எளிதாயிருக்கவில்லை. ஆயினும் விட்டார். கடன் பெறுவோரே அங்கத்தவராகி ஒருவர்க்கொருவர் பிணை நிற்கும் கடனுதவிச் சங்கத்தை 1864 இல் ஹெடெஸ்டோர்பிலே தாபித்தார். ஓரூர்க்கு ஒரு சங்கம், நிருவாகிகளுக்கு வேதனமில்லை, இலாபம் பொதுநிதிக்கே. கண்ணொளி மங்கியும் அயராதுழைத்து 1888 இற் காலமாயினார்.

1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் இலங்கையிலே தோன்றிய ஐக்கிய நாணய சங்கங்களும் அவர் வழியைத் தழுவியனவே. நம் மாணாக்கர்க்கு ஈகையின் சிறப்பைக் கற்பிக்கும் நாம், ஏழைகள் ஒருவரையொருவர் நம்பி உயர்ந்த இச்சரித்திரத்தையும் உடன் கற்பித்தல் கடனாம்.