குப்பையில் கலை செய்த அகதி



ஓவியர் என்றால் எங்கட ஆட்களுக்கு உடனே ஞாபகம் வருவது ரவிவர்மாவும் பிக்காசோவும்தான். நான் எழுதப் போவது குர்ட் ஷ்விற்றர்ஸ் என்ற ஜேர்மன் ஓவியரைப் பற்றி. நவீன ஓவியம் படிக்கிற எவருக்கும் தெரிந்த பெயர். எங்களுக்கு அவர் இன்னொரு வகையிலும் சொந்தம். அவரும் ஓர் அகதி.

1887 ஆம் ஆண்டு யூன் 20 ஆம் திகதி ஹனோவர் நகரில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே வலிப்பு நோய் வந்துவிட்டது. டிறெஸ்டன் கலைக் கல்லூரியில் படித்து, மற்றவர்களைப் போல முகங்களும் இயற்கைக் காட்சிகளும் கீறினார். 1915 இல் ஹெல்மாவை மணம் முடித்தார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் இயந்திரப் படங்கள் கீறும் வேலை. நானும் பக்டரியில் நிற்கிறவன் என்றபடியால் அவருடைய வாழ்க்கையில் இந்தப் பகுதி எனக்குப் பிடிக்கும். அந்த இயந்திரச் சில்லுகள் பிறகு அவருடைய படங்களிலும் வந்தன.

போர் முடிந்தபோது நாடு உடைந்து கிடந்தது. உடைந்த துண்டுகளிலிருந்தே புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவர் நினைத்தார். தெருவில் கிடந்த பஸ் ரிக்கற், பத்திரிகைத் துண்டு, கம்பி, பலகை, சட்டைத் தெறி எல்லாவற்றையும் பொறுக்கி வந்து ஒட்டினார், ஆணி அடித்தார், மேலே வர்ணம் பூசினார். ஒரு படத்தில் ஒட்டிய வங்கி விளம்பரத்தில் 'கொமேர்ஸ்' என்ற சொல் வெட்டுப்பட்டு 'மேர்ஸ்' மட்டும் மிஞ்சியது. 1919 இலிருந்து தன் கலை முழுவதற்கும் அதையே பெயராக வைத்துவிட்டார். தன் வீட்டின் அறைக்குள்ளேயே பலகையாலும் சாந்தாலும் குகை போல, கோபுரம் போல ஒரு பெரிய படைப்பைப் பல வருடங்களாகக் கட்டி வளர்த்தார்.

ஹிட்லரின் ஆட்சிக்கு இந்தக் கலை பிடிக்கவில்லை. 1937 யனவரியில் மகன் இருந்த நோர்வேக்குத் தப்பிப் போனார். அதே வருடம் மியூனிக் நகரில், சீரழிந்த கலை என்று கேலி செய்வதற்காக அரசாங்கம் வைத்த கண்காட்சியில் அவருடைய படங்களும் தொங்கின. மனைவி ஹெல்மா வீடு வாசலைப் பார்க்க ஹனோவரிலேயே நின்றுவிட்டார். 1939 இல் போர் தொடங்கிய பிறகு இருவரும் சந்திக்கவேயில்லை.

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் இரண்டாவது படைப்பைக் கட்டத் தொடங்கினார். 1940 ஏப்ரலில் ஜேர்மன் படை நோர்வேக்குள்ளும் வந்தது. மகனோடும் மருமகளோடும் வடக்கு நோக்கி ஓடி, கப்பலேறி ஸ்கொட்லாந்து போய்ச் சேர்ந்தார். ஜேர்மன்காரர் என்ற காரணத்தால் பிரித்தானிய அரசாங்கம் அவரைப் பிடித்து மான் தீவில் முகாமில் அடைத்தது. ஹிட்லருக்குப் பயந்து ஓடி வந்தவரையே எதிரி நாட்டவர் என்று அடைத்தார்கள்! அங்கும் கை சும்மா இருக்கவில்லை. நிலத்தில் விரித்திருந்த லினோலியத் துண்டுகளில் படம் கீறினார். மிஞ்சிய ஓட்ஸ் கஞ்சியைப் பிசைந்து சிலை செய்தார். அது பூஞ்சணம் பிடித்து மணத்தது வேறு கதை.

1941 நவம்பரில் விடுதலையாகி லண்டன் வந்தார். 1943 ஒக்டோபரில் குண்டு வீச்சில் ஹனோவர் வீடும் முதல் படைப்பும் அழிந்தன. 1944 ஒக்டோபரில் ஹெல்மா புற்றுநோயால் இறந்தார். கணவனுக்கு அந்தச் செய்தி தாமதமாகத்தான் கிடைத்தது. ஊரில் செத்த வீட்டுக்குப் போக முடியாமல் இங்கே இருந்து அழுத எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1945 இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலுள்ள அம்பிள்சைட் என்ற சிற்றூருக்குப் போய், முகங்கள் கீறி விற்றுச் சீவித்தார். 1947 இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் 1000 டொலர் உதவி கொடுத்தது. அந்தக் காசில் ஒரு கல்லுக் கொட்டிலுக்குள் திரும்பவும் கட்டத் தொடங்கினார். அப்போது வயது 60, உடம்போ முடியாது. ஒரு சுவர்தான் முடிந்தது. 1948 யனவரி 8 ஆம் திகதி இறந்தார். பிரித்தானியக் குடியுரிமை கிடைத்த அறிவித்தல் வந்தது அதற்கு முதல் நாள்தான்! நோர்வேயில் விட்டு வந்ததும் 1951 இல் தீயில் எரிந்து போனது. அந்த ஒற்றைச் சுவர் மட்டும் 1965 இல் பெயர்த்தெடுக்கப்பட்டு, நியூகாசில் நகரக் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் செய்த ஒட்டுச்சித்திரம்தான் இதுவும். பிள்ளையளுக்கு விலை கூடிய வர்ணம் வேண்டிக் கொடுக்கத் தேவையில்லை. ரிக்கற், மிளகாய்த்தூள் பை, ஊர்க் கடித உறை, தமிழ்ப் பத்திரிகைத் துண்டு, பழைய சாறித் துண்டு இவற்றை ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். உடனே பசை பூச விடாதீர்கள். முதலில் மட்டையில் பரப்பி, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் பொருந்துகிறது என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கட்டும். மனம் சரி என்று சொன்ன பிறகு ஒட்டட்டும். வீடோ கோயிலோ தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இது என்ன கண்டறியாத குப்பை என்று பேசிப் போடாதீர்கள். அந்தக் கடித உறை எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினது என்று பிள்ளை கேட்கும். அப்போது ஊர்க் கதையையும் சொல்லலாம்.

இழந்த இடமெல்லாம் திரும்பவும் கட்டத் தொடங்கிய அந்த மனிதரிடம் நாங்கள் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.