ஆப்பிள் மேல் பழி போட்டவர்

கோவைப் பக்கத்தில் காட்டு வேலை செய்கிறவருக்குத் தலை கிறுகிறுத்தால், பித்தம் என்பார்கள். எலுமிச்சம்பழச் சாறு கொடுத்து நிழலில் உட்கார வைப்பார்கள். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

முன்னூறு ஆண்டுகளுக்கு முன் சீமையில் ஒருவர் இப்படித்தான் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் பழி போட்டது ஆப்பிள் பழத்தின் மேல்!

அவர் பெயர் ஜோனதன் ஸ்விப்ட். குள்ளர் நாட்டில் கட்டுண்டு கிடந்தானே கலிவர், அந்தக் கதையை 1726-ல் எழுதியவர்.

ஸ்விப்ட் 1667-ல் அயர்லாந்தில், டப்ளின் நகரில் பிறந்தார். பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். இருபது வயதை ஒட்டித் தலைச்சுற்றல் தொடங்கியது. பிறகு காதும் மந்தமானது. ஒரே நேரத்தில் நூறு ஆப்பிள் தின்றதுதான் காரணம் என்று அவர் நம்பினார். பழம் என்றால் அவருக்கு உயிர். ஆனாலும் பயந்து பயந்து ஒதுக்கினார். பாவம், பழம் ஒரு குற்றமும் செய்யவில்லை!

எண்ணி நடந்தார்

மாத்திரை விழுங்கினார், கசப்பு மருந்து குடித்தார். நடையை மட்டும் விடவில்லை. 1711-ல் லண்டனை அடுத்த செல்சியில் தங்கியிருந்தார். அங்கிருந்து நகருக்கு இரண்டு மைல். நடந்தே போவார். ஒருநாள் அடிகளை எண்ணிப் பார்த்தார். 5,748 அடிகள்!

நோய் வந்தால் தலை சுற்றும், காது அடைத்துக்கொள்ளும். பிறர் பேசுவது கேட்காது. 1727-ல் நண்பர், கவிஞர் போப் வீட்டில் விருந்தாளியாக இருந்தார். அங்கே நோய் முற்றியது. காது கேளாமல் நாலு பேர் நடுவே இருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. புறப்பட்டுவிட்டார். இத்தனைக்கும் இடையில் டப்ளினில் பெரிய மாதா கோவிலின் தலைமைக் குருவாகவும் இருந்தார். எழுத்தையும் நிறுத்தவில்லை.

காதில் இருந்த காரணம்

முதுமையில் அவருக்கு நினைவு தடுமாறியது. 1742-ல் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று தீர்மானித்தார்கள். 1745-ல் இறந்தார். அதன்பின் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. அந்தத் தலைச்சுற்றலே பைத்தியத்தின் தொடக்கம் என்றது.

1861-ல் பிரெஞ்சு டாக்டர் மெனியர் ஓர் உண்மையைச் சொன்னார். தலைச்சுற்றல், காது இரைச்சல், மந்தம் மூன்றும் சேர்ந்து வந்தால் கோளாறு உட்காதில் இருக்கலாம் என்றார். உடம்பு சாயாமல் நிற்க உதவும் உறுப்பு அங்கேதான் இருக்கிறது. பிற்கால டாக்டர்கள் ஸ்விப்டின் கடிதங்களைப் படித்தார்கள். அவருக்கு இருந்தது மெனியர் நோய் என்றார்கள். பைத்தியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

தலைச்சுற்றலுக்குக் காரணம் ஒன்றல்ல. ரத்தசோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று பல உண்டு. இன்று கோவையில் டாக்டரிடம் போனால் இவற்றோடு காதையும் சோதிப்பார்.

ஸ்விப்ட் தம் சொத்தில் பெரும் பகுதியை மனநோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட எழுதி வைத்திருந்தார். அது 1757-ல் டப்ளினில் திறக்கப்பட்டது. இன்றும் நடக்கிறது.