தீர்ப்பு நீங்க 105 ஆண்டுகள்: முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சன்

அமெரிக்க அதிபரின் வெள்ளை மாளிகை அலுவலகத்தில் 2018-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி ஒரு மன்னிப்பு ஆணை கையெழுத்தானது. அந்த ஆணைக்குரியவர் இறந்து அப்போது ஏறத்தாழ 72 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு ஏறத்தாழ 105 ஆண்டுகள் கடந்திருந்தன. அவர்தான் உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சன்.

குத்துச்சண்டை மேடையில் அவர் பெற்ற வெற்றிகள் குறித்து இன்று எவருக்கும் ஐயமில்லை. ஆனால் மேடைக்கு வெளியே அவரது பெயர் நூறாண்டுக் காலம் வழக்கிலேயே இருந்தது எனலாம். ஒரு தலைமுறை அவரை அச்சுறுத்தலாகப் பார்த்தது. அடுத்த தலைமுறை அவரைத் தவிர்க்க வேண்டிய முன்னுதாரணமாகக் கொண்டது. அதற்கடுத்த தலைமுறையே அவரை முன்னோடியாக ஏற்றது.

துறைமுக நகரின் சிறுவன்

டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் 1878-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி ஜான்சன் பிறந்தார். அவரது பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். சில ஆண்டுகளே பள்ளிக்குச் சென்ற அவர், இளவயதிலேயே துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கு நடைபெற்ற சண்டைகளே அவருக்கு முதல் பயிற்சியாக அமைந்தன.

1901-ஆம் ஆண்டில் அனுபவம் மிக்க வீரரான ஜோ சொயின்ஸ்கி, கால்வெஸ்டனில் ஜான்சனை வீழ்த்தினார். பரிசுக்காகக் குத்துச்சண்டை நடத்துவது அப்போது டெக்சாசில் சட்டவிரோதம் என்பதால் இருவரும் கைது செய்யப்பட்டு, மூன்று வாரங்களுக்கும் மேலாகச் சிறையில் அடைக்கப்பட்டனர். சிறைக்குள் இருவரும் பயிற்சிச் சண்டையில் ஈடுபட்டனர். எதிராளியின் குத்துகளைத் தடுத்து, அவர் தவறும் தருணத்தில் திருப்பித் தாக்கும் கலையை ஜான்சன் மெருகேற்றிக் கொண்டது அங்குதான் என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

இந்தத் தற்காப்பு முறையையே வெள்ளையினச் சாம்பியனான ஜேம்ஸ் கார்பெட் கையாண்டபோது பத்திரிகைகள் அதனை அறிவார்ந்த ஆட்டம் எனப் பாராட்டின. ஜான்சன் கையாண்டபோதோ சோம்பல் என்றும் கோழைத்தனம் என்றும் எழுதின.

இரண்டு ஆண்டுத் துரத்தல்

1903-ஆம் ஆண்டிலேயே கறுப்பினத்தவருக்கென இருந்த ஹெவிவெயிட் பட்டத்தை ஜான்சன் வென்றுவிட்டார். எனினும் உலகப் பட்டம் வெள்ளையரிடமே இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. அப்போதைய சாம்பியனான ஜேம்ஸ் ஜெஃப்ரிஸ், அவருடன் மோத மறுத்து, 1905-இல் தோல்வியறியாதவராக ஓய்வு பெற்றார்.

பின்னர் பட்டத்தைக் கைப்பற்றிய கனடா வீரர் டாமி பர்ன்ஸை ஜான்சன் இரண்டு ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார். இறுதியில் 30,000 டாலர் தருவதாக ஏற்பாட்டாளர் உறுதியளித்த பின்னரே பர்ன்ஸ் இசைந்தார். ஜான்சனுக்குக் கிடைத்தது 5,000 டாலர் மட்டுமே. 1908-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் போட்டி நடைபெற்றது. 14-ஆவது சுற்றில் பர்ன்ஸ் நிலைகுலைந்தபோது காவல் துறையினர் தலையிட்டுப் போட்டியை நிறுத்தினர். பட்டம் ஜான்சனுக்கு வழங்கப்பட்டது.

அந்த முடிவை வெள்ளையினச் சமூகத்தின் பெரும்பகுதி ஏற்கவில்லை. செய்தியாளராக சிட்னி சென்றிருந்த எழுத்தாளர் ஜாக் லண்டன், ஜெஃப்ரிஸ் மீண்டும் களமிறங்கி ஜான்சனை வீழ்த்த வேண்டும் என்று எழுதினார். வெள்ளையரின் நம்பிக்கை நட்சத்திரத்தைத் தேடும் முயற்சி தொடங்கியது.

ரினோவில் நடந்தது

ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் களத்தைவிட்டு விலகியிருந்த ஜெஃப்ரிஸ், பெரும் அழுத்தத்துக்குப் பின் உடல் எடையைக் குறைத்துக்கொண்டு திரும்பினார். அமெரிக்க விடுதலை நாளான 1910 ஜூலை 4-ஆம் தேதி, நெவாடா மாநிலத்தின் ரினோ நகரில் அமைக்கப்பட்ட தற்காலிக அரங்கில் இருவரும் மோதினர். அதுவரை எந்தப் போட்டியிலும் தரையில் விழாதவர் எனப் பெயர் பெற்றிருந்த ஜெஃப்ரிஸ், 15-ஆவது சுற்றில் அடுத்தடுத்து வீழ்த்தப்பட்டார். அவரது தரப்பினரே போட்டியை முடித்துக்கொண்டனர்.

தந்தி வழியே முடிவு பரவிய சில மணி நேரத்தில் பல நகரங்களில் வன்முறை வெடித்தது. வெற்றியைக் கொண்டாடிய கறுப்பினத்தவர் தெருக்களில் தாக்கப்பட்டனர். சுமார் 20 பேர் உயிரிழந்ததாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்.

போட்டியின் திரைப்படத்தைக் காட்டப் பல மாநிலங்களும் நகரங்களும் தடை விதித்தன. 1912-ஆம் ஆண்டில் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையே நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் தடை செய்தது. ஒரு கறுப்பினத்தவர் ஒரு வெள்ளையரை வீழ்த்தும் காட்சியை மக்கள் மீண்டும் மீண்டும் பார்ப்பது தடுக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னணியில் இருந்தது.

வாழ்க்கையே குற்றமானது

மேடையில் வீழ்த்த முடியாத ஜான்சனைச் சட்டம் வீழ்த்தியது. அவர் விலையுயர்ந்த உடைகளை அணிந்தார். தங்கப் பற்கள் தெரியச் சிரித்தார். வேகமாகக் கார் ஓட்டி அபராதம் செலுத்தினார். வெள்ளையினப் பெண்களுடனான உறவை அவர் மறைக்கவில்லை. கறுப்பினத்தவர் மீது இத்தகைய ஐயம் எழுந்தாலே கும்பல்கள் அவர்களை அடித்துக் கொன்ற காலம் அது.

1912 செப்டம்பரில் அவரது மனைவி எட்டா துரியே தற்கொலை செய்துகொண்டார். அந்த மணவாழ்வு அமைதியானதாக இருக்கவில்லை. ஜான்சன் அவரைத் தாக்கியதுண்டு என்பதும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. அடுத்த மாதமே, லூசில் கேமரூன் என்ற வெள்ளையினப் பெண்ணைக் கடத்தியதாக அவரது தாயார் அளித்த புகாரின்பேரில் ஜான்சன் கைது செய்யப்பட்டார். லூசில் அவருக்கு எதிராகச் சாட்சியளிக்க மறுத்ததால் அவ்வழக்கு நிலைக்கவில்லை. டிசம்பரில் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். இதையடுத்து, இனக்கலப்புத் திருமணத்தை நாடு முழுவதும் தடை செய்ய அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று ஜார்ஜியா மாநில உறுப்பினர் ஒருவர் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை.

விசாரணை அதிகாரிகள் இத்துடன் நிற்கவில்லை. ஜான்சனின் முன்னாள் தோழியான பெல் ஷ்ரைபர் என்பவரைக் கண்டறிந்து சாட்சியாக்கினர். பெண்களைப் பாலியல் தொழிலுக்காக மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதைத் தடுக்க 1910-இல் இயற்றப்பட்ட மான் சட்டம், இருவரும் விருப்பத்துடன் கொண்டிருந்த உறவின் மீது பாய்ந்தது. 1913 ஜூன் மாதம் வெள்ளையர் மட்டுமே இடம்பெற்ற நடுவர் குழு அவரைக் குற்றவாளி என அறிவித்தது. ஓராண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

மேல்முறையீட்டுக் காலத்தில் ஜான்சன் கனடா வழியாக ஐரோப்பாவுக்குத் தப்பினார். ஏழு ஆண்டுகள் அயல்நாடுகளில் கழிந்தன. 1915 ஏப்ரல் 5-ஆம் தேதி கியூபாவின் ஹவானா நகரில், கடும் வெயிலில், 26-ஆவது சுற்றில் ஜெஸ் வில்லர்டிடம் பட்டத்தை இழந்தார். வேண்டுமென்றே தோற்றதாகப் பின்னர் அவர் கூறியதை ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. 1920 ஜூலையில் மெக்சிகோ எல்லையில் சரணடைந்த அவர், கான்சாஸ் மாநிலத்தின் லெவன்வொர்த் சிறையில் தண்டனையை அனுபவித்து, 1921 ஜூலையில் விடுதலையானார். திருகுச் சாவி ஒன்றில் அவர் செய்த மேம்பாட்டுக்கு 1922-இல் காப்புரிமையும் கிடைத்தது.

பின்வந்தவர்கள் செலுத்திய விலை

ஜான்சன் பட்டம் இழந்த பின் 22 ஆண்டுகள் வரை எந்தக் கறுப்பினத்தவரும் உலக ஹெவிவெயிட் சாம்பியனாக முடியவில்லை. இதில் ஜான்சனுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. சாம்பியனாக இருந்தபோது சாம் லாங்ஃபோர்டு போன்ற வலிமையான கறுப்பின வீரர்களுக்கு அவர் வாய்ப்பளிக்கவில்லை. தனக்கு மறுக்கப்பட்டதை அவரும் பிறருக்கு மறுத்தார்.

1937-இல் பட்டம் வென்ற ஜோ லூயிஸ், ஜான்சனின் நிழலிலிருந்து விலகியிருக்குமாறு வளர்க்கப்பட்டவர். வெள்ளையினப் பெண்ணுடன் புகைப்படம் எடுத்துக்கொள்ளக் கூடாது, வீழ்ந்த எதிராளியைக் கண்டு மகிழ்ச்சி காட்டக் கூடாது என்பன அவரது மேலாளர்கள் விதித்த கட்டுப்பாடுகள். லூயிசுக்குப் பயிற்சியளிக்க ஜான்சன் முன்வந்தபோது அது நிராகரிக்கப்பட்டது. 1936-இல் லூயிசை ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங் வெல்வார் என்று ஜான்சன் வெளிப்படையாகக் கணித்தார். கணிப்பு பலித்தது, கறுப்பின மக்களிடையே அவருக்கு எஞ்சியிருந்த நற்பெயரும் குறைந்தது.

இறுதி ஆண்டுகளில் நியூயார்க்கின் கேளிக்கைக் கூடமொன்றில் பார்வையாளர்களிடம் தன் கதையைச் சொல்லிப் பிழைத்தார். 1946 ஜூன் 10-ஆம் தேதி வட கரோலினா மாநிலத்தில், நிறத்தின் காரணமாக ஓர் உணவகத்தில் அவமதிக்கப்பட்டுச் சினத்துடன் கிளம்பியதாகக் கூறப்படும் அவர், கார் விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 68. சிகாகோவில் எட்டாவின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

மீட்பு

1960-களின் இறுதியில் காலம் மாறியது. ஜான்சனின் வாழ்வைத் தழுவி ஹோவர்ட் சாக்லர் எழுதிய நாடகம் 1969-இல் புலிட்சர் பரிசு பெற்றது. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்துப் பட்டம் பறிக்கப்பட்டிருந்த முகமது அலி, அந்நாடகத்தைக் கண்டு தன் கதையையே அதில் உணர்ந்தார். இசைக் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1971-இல் ஜான்சனின் பெயரிலேயே இசைத்தொகுப்பு வெளியிட்டார். 1990-இல் சர்வதேச குத்துச்சண்டைப் புகழரங்கில் ஜான்சனின் பெயர் இடம்பெற்றது.

கென் பர்ன்ஸ் இயக்கிய ஆவணப்படத்துக்குப் பின் மன்னிப்புக் கோரிக்கை வலுப்பெற்றது. செனட் உறுப்பினர் ஜான் மெக்கெய்ன் உள்ளிட்டோர் பல ஆண்டுகள் இதற்காக முயன்றனர். நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றிய பின்னரும் ஆணை வரவில்லை. இறந்தவருக்கு அதிபர் மன்னிப்பு வழங்குவது அமெரிக்காவில் மிக அரிது. இறுதியில் அதிபர் டொனால்ட் டிரம்ப், நடிகர் சில்வெஸ்டர் ஸ்டலோன் முன்னிலையில் ஆணையில் கையெழுத்திட்டார்.

அந்நிகழ்வில் ஜான்சனின் உறவு வழிவந்த பெண் ஒருவரும் பங்கேற்றார். ஜான்சன் சிறை சென்றதை அவமானமாகக் கருதிய குடும்பத்தினர், அப்படி ஒருவர் தங்கள் வழியில் இருந்ததையே அவரது சிறுவயதில் பேசாதிருந்தனர். உலகமே அறிந்த சாம்பியனின் பெயர் சொந்த வீட்டில் சொல்லப்படாமல் இருந்தது. கால்வெஸ்டன் நகரில் இன்று அவர் பெயரில் பூங்காவும் சிலையும் உள்ளன.