கொதிகலன் பார்த்தவரும் குறிப்பு எழுதினார்: அன்னா பிராய்டின் போர்க்காலச் சிறுவர் இல்லங்கள்

1941 ஜனவரி. லண்டன் மீது ஜேர்மன் விமானங்கள் இரவிரவாகக் குண்டு வீசத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பொழுது சாய்ந்தால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போர்வைகளையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு நிலத்தடி ரயில் நிலையங்களுக்குள் இறங்கி, மேடைகளில் நெருக்கியடித்துப் படுத்தன. அந்த மாதத்தில்தான் நகரின் வடக்கே ஹம்ஸ்டெட் பகுதியில், வெடர்பேர்ன் வீதி 13ஆம் இலக்க வீட்டில், அப்படி நிலத்துக்கடியில் தூங்கிப் பழகிய பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் திறக்கப்பட்டது. அதைத் திறந்தவர் 45 வயதான ஓர் அகதிப் பெண். வியன்னாவை விட்டு வந்து மூன்று வருடங்கள்கூட ஆகவில்லை. பிறந்த நாட்டின்படி பார்த்தால் பிரித்தானியாவுக்கு அவர் எதிரி நாட்டவர்.

அவர் அன்னா பிராய்ட். உளப்பகுப்பாய்வைத் தொடக்கிவைத்த சிக்மண்ட் பிராய்டின் கடைசி மகள். தந்தையின் பெயர் பெரியது என்பதால் மகளைப் பற்றி எழுதுபவர்களும் பெரும்பாலும் தந்தையைப் பற்றியே எழுதி முடித்துவிடுகிறார்கள். போர் நடந்த நாலரை வருடங்களில் அவர் நடத்திய வீடுகளையும், அங்கே பிள்ளை பார்க்கும் வேலையைச் செய்துகொண்டே கற்ற இளம் பெண்களையும் பற்றித் தமிழில் அதிகம் பேசப்படவில்லை.

அன்னா 1895 டிசம்பர் 3ஆம் திகதி வியன்னாவில் பிறந்தார். ஆறாவது பிள்ளை. அவரை வளர்த்தது பெரும்பாலும் வீட்டில் வேலைக்கு இருந்த யோசபின் என்ற செவிலித்தாய். தாயோடு இருந்ததைவிட அந்தப் பெண்ணோடு இருந்த நெருக்கமே கூட என்று அன்னாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பெற்ற தாய் அல்லாத ஒருவர் பிள்ளைக்கு எவ்வளவு முக்கியமாகலாம் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டிய விடயமாக இருக்கவில்லை.

அவர் பல்கலைக்கழகம் போகவில்லை. வைத்தியரும் அல்ல. பள்ளிக்கூடம் முடித்து, ஆசிரியராவதற்கான பரீட்சையில் 1914இல் சித்தியடைந்து, தான் படித்த அதே பள்ளிக்கூடத்தில் பயிலுநர் ஆசிரியராகச் சேர்ந்தார். அனுபவமுள்ள ஆசிரியர்களுக்குப் பக்கத்தில் நின்று, பார்த்து, செய்து, திருத்தப்பட்டு, பிறகு தனி வகுப்பு எடுத்தார். முதலாம் உலகப் போர்க்காலம் அது. உணவுக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடான வியன்னாவில் பசித்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். காசநோய் வந்ததால் 1920இல் அந்த வேலையை விடவேண்டியதாயிற்று. பிற்காலத்தில் உலகம் முழுவதும் அவரை உளவியல் மேதையாகப் பார்த்தாலும், அவர் செய்ததில் பாதி ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியரின் வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகுதான் உளப்பகுப்பாய்வு. அவரைப் பகுப்பாய்வு செய்தவர் சொந்தத் தகப்பனே. இன்று எந்தப் பயிற்சி நிறுவனமும் அனுமதிக்காத காரியம். 1922இல் வியன்னா உளப்பகுப்பாய்வுச் சங்கத்தில் உறுப்பினரானார். 1925இல் நான்கு பிள்ளைகளோடு அமெரிக்காவிலிருந்து வந்த டொரதி பேர்லிங்கம் அவருடைய வாழ்நாள் தோழியும் வேலைத் துணையும் ஆனார். 1937இல் இருவரும் எடித் ஜாக்சன் என்ற அமெரிக்க வைத்தியரின் பண உதவியோடு, வியன்னாவின் மிக ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஒரு பகல் பராமரிப்பு நிலையம் தொடங்கினார்கள். சேர்த்தது இரண்டு வயதுக்குட்பட்டவர்களை மட்டும். வளர்ந்தவர்கள் சாய்ந்து படுத்துத் தங்கள் குழந்தைப் பருவத்தை நினைவுகூர்வதைக் கேட்பதை விட்டு, குழந்தையையே நாள்தோறும் பார்ப்பது என்பது அப்போது புதிது. உணவைக் குழந்தைகளின் முன்னால் வைத்து, தாங்களே தெரிந்தெடுத்துச் சாப்பிட விட்டார்கள். என்ன நடக்கிறது என்று பார்த்து எழுதினார்கள்.

அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1938 மார்ச்சில் நாஜிகள் ஒஸ்ரியாவுக்குள் வந்தார்கள். 22ஆம் திகதி கெஸ்டாப்போ அன்னாவை விசாரணைக்குக் கூட்டிச் சென்றது. அன்று மாலையே விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் பகல் முழுவதும் வீட்டில் காத்திருந்தவர்களின் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஜூனில் குடும்பம் லண்டனுக்குப் புறப்பட்டது. தந்தையின் வயதான சகோதரிகள் நால்வருக்கு வெளியேற வழி கிடைக்கவில்லை. 1939 செப்டெம்பர் 23இல், போர் தொடங்கி மூன்று வாரங்களில், சிக்மண்ட் பிராய்ட் புற்றுநோயால் இறந்தார்.

அந்த முதல் வீடு போதவில்லை. 1941 கோடையில் கைக்குழந்தைகளுக்கு நெதர்ஹோல் கார்டன்ஸில் இன்னொரு வீடும், மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எசெக்ஸ் கிராமப்புறத்தில் ‘நியூ பார்ன்’ என்ற வீடும் சேர்ந்தன. பணம் அமெரிக்காவிலிருந்து, போர்க்காலச் சிறுவர்களுக்கான வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தினூடாக வந்தது. அதற்காக மாதாமாதம் அறிக்கை எழுதி அனுப்பவேண்டும். போர் முடியும்வரை ஏறக்குறைய 190 பிள்ளைகள் இந்த வீடுகளில் வளர்ந்தார்கள். வீடு குண்டில் போனவர்கள், தந்தை போர்முனைக்கும் தாய் தொழிற்சாலைக்கும் போனவர்கள், தாய் வைத்தியசாலையில் கிடந்தவர்கள்.

இத்தனை பிள்ளைகளைப் பார்க்க யார் இருந்தார்கள்? பயிற்சி பெற்ற ஆங்கிலேயத் தாதியர் பெரும்பாலும் போர்ச்சேவையில். ஆகவே ஹம்ஸ்டெட் வீடுகளுக்கு வந்தவர்களில் பலர் ஜேர்மனியிலிருந்தும் ஒஸ்ரியாவிலிருந்தும் தப்பிவந்த யூத இளம் பெண்கள். அந்த வருடங்களில் ஏறத்தாழ 20,000 யூதப் பெண்கள் வீட்டு வேலைக்காரியாகப் பணியாற்றும் அனுமதியில்தான் பிரித்தானியாவுக்குள் நுழைந்தார்கள். படிப்பு பாதியில் நின்றவர்கள். தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாதவர்கள். சிலருக்கு மட்டும் முன் அனுபவம் இருந்தது. அலிஸ் கோல்ட்பேர்கர் எதிரி நாட்டவர் என்று மான் தீவில் தடுத்துவைக்கப்பட்டிருந்தபோது, முகாமுக்குள்ளேயே பிள்ளைகளுக்கு ஒரு சிறுவர் பள்ளி நடத்தினார். அதைக் கேள்விப்பட்ட அன்னா அவரை வெளியே எடுக்க உதவினார். பிறகு அவர்தான் நியூ பார்ன் வீட்டின் பொறுப்பாளர். ஜேர்மனியின் ஒக்ஸ்பேர்க் நகரிலிருந்து வந்த சோபி, கேர்ட்ரூட் டான் சகோதரிகளில் மூத்தவர் தாதி, இளையவர் சிறுவர் பள்ளி ஆசிரியை.

மற்றவர்கள் வேலையில் நின்றே கற்றார்கள். பகலில் பால் கலப்பது, துணி மாற்றுவது, குளிப்பாட்டுவது, சாப்பாடு கொடுப்பது, இரவில் முறை போட்டுக் கண்விழிப்பது. இந்த வேலைகளுக்கு இடையில் வகுப்புகள். அன்னாவும் பேர்லிங்கமும் குழந்தை வளர்ச்சி பற்றிப் பேசுவார்கள். குழந்தை வைத்தியர் யோசபின் ஸ்ட்ரொஸ் உடல்நலம் பற்றிச் சொல்லிக்கொடுப்பார். ஆனால் பயிற்சியின் உயிர் வகுப்பில் இருக்கவில்லை. சிறு அட்டைகளில் இருந்தது. வேலை செய்யும் ஒவ்வொருவரும் தான் கண்டதை அட்டையில் எழுதவேண்டும். பிள்ளை இன்று சோற்றைத் தள்ளியதா, யாரைத் தேடியது, எந்தச் சொல்லை முதல்முறை சொன்னது, தாய் போனபின் எவ்வளவு நேரம் கதவடியில் நின்றது. விளக்கம் வேண்டாம், பார்த்ததை எழுது என்பதே விதி. பிறகு எல்லோரும் உட்கார்ந்து அவற்றை வாசித்துக் கதைப்பார்கள். அமெரிக்காவுக்குப் போன மாதாந்த அறிக்கைகளும், 1943இலும் 1944இலும் அன்னாவும் பேர்லிங்கமும் வெளியிட்ட இரண்டு புத்தகங்களும் இந்த அட்டைகளிலிருந்து பிறந்தவை.

இதில் விதிவிலக்கு யாருக்கும் இல்லை. ஜேம்ஸ் ரொபேர்ட்சன் ஸ்கொட்லாந்துத் தொழிலாளர் குடும்பத்து இளைஞர். மனச்சாட்சியின்படி ஆயுதம் ஏந்த மறுத்தவர். அவருடைய மனைவி ஜோய்ஸ் இல்லத்தில் பயிலுநர். ஜேம்ஸுக்குக் கிடைத்த வேலை கொதிகலனைப் பார்ப்பதும், உடைந்ததைத் திருத்துவதும், தீக்குண்டு விழுந்தால் அணைப்பதும். அவரிடமும் அட்டை கொடுக்கப்பட்டது. பிள்ளைகள் கொதிகலன் அறை வாசலில் வந்து நிற்கும்போது என்ன செய்கிறார்கள் என்பதைத் தாதி பார்க்கமாட்டார், அவர்தான் பார்ப்பார்.

அட்டைகள் சொன்னது பலரும் எதிர்பாராத ஒன்று. குண்டு பிள்ளையை அவ்வளவாக உடைக்கவில்லை. தாயின் பக்கத்தில், பதறாத தாயின் கைக்குள் இருந்த சின்னப்பிள்ளை, வீடு இடிந்து விழுந்த இரவையும் கடந்து வந்தது. தாய் நடுங்கினால் பிள்ளையும் நடுங்கியது. பதுங்குகுழிக்குள் பிள்ளையை மடியில் அமர்த்தியிருந்த எவருக்கும் இது தெரியும். பாதுகாப்புக்கென்று தாயிடமிருந்து திடீரென்று பிரித்து அனுப்பப்பட்ட பிள்ளைதான் கூடுதலாகக் காயப்பட்டது. 1939 செப்டெம்பரின் முதல் நாட்களில் மட்டும் சுமார் 15 இலட்சம் பேரை அரசாங்கம் நகரங்களிலிருந்து அப்புறப்படுத்தியிருந்தது; அவர்களில் பெரும்பகுதி பெற்றோர் இல்லாமல் போன பிள்ளைகள். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட அந்த வேலையின் விலை என்ன என்று கேட்டவர்கள் அப்போது மிகச் சிலர்.

அந்தப் புத்தகத்தில் வரும் ஒரு மூன்று வயதுப் பையனை வாசித்தவர்கள் மறக்கமாட்டார்கள். நல்ல பிள்ளையாக இரு, அழாதே, அழுதால் பார்க்க வரமாட்டோம் என்று சொல்லி விட்டுப் போனார்கள். அவன் அழவில்லை. அம்மா வருவார், கோட் போட்டுவிடுவார், கூட்டிப்போவார் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னான். நாள் போகப்போகப் பட்டியல் நீண்டது: கோட், அதன் சிப், பிறகு தொப்பி. திரும்பத் திரும்பச் சொல்லாதே என்று யாரோ சொல்ல, சொல்வதையும் நிறுத்திக்கொண்டான். மற்றப் பிள்ளைகள் விளையாட, அவன் மூலையில் நின்று கைகளை மட்டும் அசைத்தான். தொப்பியைத் தலையில் வைக்கும் அசைவு. சிப்பை இழுக்கும் அசைவு. உதடு சத்தமில்லாமல் அசைந்தது. குறும்பு செய்யாத, தொந்தரவு தராத பிள்ளை. அவசரத்தில் இருக்கும் பராமரிப்பாளர் கெட்டிக்காரப் பிள்ளை என்று சொல்லிக் கடந்துபோயிருப்பார். அட்டையும் பென்சிலும் வைத்திருந்தவர் நின்று பார்த்தார். தாய் வந்து இல்லத்தில் சில நாட்கள் கூடத் தங்கிய பிறகே அவன் மீளத் தொடங்கினான்.

தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளையும் எல்லாப் பணியாளர்களும் பார்த்தார்கள். வேலைக்கு வசதி, பிள்ளைக்கு வெறுமை. ஆகவே முறையை மாற்றினார்கள். யார் யாரிடம் பிள்ளை தானாக ஒட்டுகிறதோ அந்தப் பெண்ணிடமே அந்தப் பிள்ளை என்று, ஒருவருக்கு நான்கைந்து பிள்ளைகளாகச் சிறு ‘குடும்பங்கள்’ அமைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் வீடு ரணகளமானது. அதுவரை அமைதியாக இருந்தவர்கள் தங்கள் ‘அம்மா’வை இன்னொரு பிள்ளை தொட்டால் கடித்தார்கள், தள்ளினார்கள், அவர் அறையை விட்டு வெளியே போனால் கதறினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது நிர்வாகத் தோல்வி. அன்னா இதை உயிர் திரும்பியதன் அடையாளமாகப் பார்த்தார். கொஞ்ச நாளில் பொறாமை தணிந்தது. பின்தங்கியிருந்த பேச்சு வந்தது, மலசலம் சொல்லிப் போகும் பழக்கம் வந்தது.

ஆனால் இருபது வயதுப் பெண் எப்போதும் அங்கே இருக்கமாட்டார். திருமணம், வேறு வேலை, நோய். அவர் போகும் நாளில் பிள்ளை தாயை இரண்டாம் தடவை இழந்தது. இதற்கு அவர்களிடம் முழுமையான தீர்வு இருக்கவில்லை. பிரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது, பொய் சொல்லாமல் முன்கூட்டியே சொல்வது என்ற அளவில் செய்தார்கள்.

அந்தக் காலத்தில் பல வைத்தியசாலைகளில் பெற்றோர் வாரத்துக்கு ஒருமுறைதான் பிள்ளையைப் பார்க்கலாம். பார்த்தால் அழும், பார்க்காவிட்டால் அமைதியாகிவிடும் என்பது நம்பிக்கை. ஹம்ஸ்டெட் வீடுகளில் தாய் எந்த நேரமும் வரலாம். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து விடியற்காலையில் வந்தாலும் கதவு திறக்கும். பால் கொடுக்கும் தாய்மார் சிலருக்கு அங்கேயே சமையல், துப்புரவு வேலை கொடுத்துத் தங்கவைத்தார்கள். பிரியும்போது பிள்ளை அழுவது நல்லது என்று பயிலுநர்களுக்குச் சொல்லப்பட்டது. அதைத் தாங்கிக்கொண்டு நிற்பதும் அவர்கள் படித்த பாடங்களில் ஒன்று.

தன் இல்லத்தை அன்னா புகழ்ந்து எழுதவில்லை என்பது என் மனதில் நிற்கிறது. சத்தான உணவால் முதல் மாதங்களில் குழந்தைகள் ஏழை வீட்டுக் குழந்தைகளைவிட நன்றாக வளர்ந்தார்கள். நடையிலும் சாப்பிடும் பழக்கத்திலும் முந்தினார்கள். ஆனால் இரண்டாம் வயதில் பேச்சில் மாதக்கணக்கில் பின்தங்கினார்கள். எவ்வளவு நன்றாக நடத்தினாலும் இல்லம் வீடாகாது என்பதை, இல்லத்தை நடத்திக்கொண்டே அவர் பணம் தந்தவர்களுக்கு எழுதினார்.

1945இல் வீடுகள் மூடப்பட்டன. அதே வருடம் தெரேசியன்ஸ்டட் முகாமிலிருந்து மீட்கப்பட்ட மூன்று வயதளவான ஆறு பிள்ளைகள் சசெக்ஸில் புல்டொக்ஸ் பாங்க் என்ற வீட்டுக்கு வந்தார்கள். குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர்கள். ஒருவரையொருவர் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள். அவர்களைப் பொறுப்பேற்றவர்கள் ஹம்ஸ்டெட்டில் வேலை செய்த டான் சகோதரிகள். பிள்ளைகள் பொம்மைகளை உடைத்தார்கள், பெரியவர்களைக் கடித்தார்கள், துப்பினார்கள். ஆனால் ஒருவர் சாப்பிடாவிட்டால் மற்றவர்கள் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள். ஒருவரை விட்டு மற்றவர் நடக்கப் போகமாட்டார்கள். சகோதரிகள் ஒரு வருடம் பார்த்துப் பார்த்து எழுதிய குறிப்புகளை வைத்து அன்னா 1951இல் வெளியிட்ட கட்டுரை, இன்றும் இத்துறையில் படிக்கப்படுகிறது. தன் அத்தைமார் நால்வரும் நாஜிகளின் முகாம்களில் இறந்ததை அவரும் போருக்குப் பிறகுதான் அறிந்தார். நால்வரில் ஒருவர் இறந்த இடம் தெரேசியன்ஸ்டட்.

வேலையில் கற்ற பெண்கள் தங்களுக்கு முறையான கற்கைநெறி வேண்டும் என்று கேட்டார்கள். 1947இல் அன்னா அதைத் தொடங்கியபோது முதல் தொகுதியில் பலர் அதே வீடுகளில் பால் கலக்கியவர்கள். அலிஸ் கோல்ட்பேர்கரும் ஒருவர். 1952இல் ஹம்ஸ்டெட் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. அதே வருடம் கொதிகலன் பார்த்த ரொபேர்ட்சன், வைத்தியசாலையில் எட்டு நாட்கள் தனியாக விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றிய திரைப்படத்தை வெளியிட்டார். வைத்தியர்கள் கோபப்பட்டார்கள். 1959இல் பிரித்தானிய அரசாங்கம் நியமித்த பிளட் குழு, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது.

அன்னா பிராய்ட் 1982 ஒக்டோபர் 9ஆம் திகதி லண்டனில், 86ஆவது வயதில் இறந்தார். அவர் பெற்ற பல்கலைக்கழகப் பட்டங்கள் எல்லாமே கௌரவப் பட்டங்கள்.