தன் கட்டிலைக் கொடுத்தவர்

இரத்தினபுரி, கேகாலைப் பகுதித் தோட்டம் ஒன்றில் ஒரு லயத்துக் காம்பராவை நினைத்துப் பாருங்கள். அது உங்களுடையதாகவும் இருக்கலாம். முப்பது, நாற்பது வருடம் கொழுந்து பறித்த, அல்லது றப்பர்ப் பால் வெட்டிய பாட்டி ஒருவர் மூலையில் படுத்திருக்கிறார். கண் மங்கிவிட்டது, கை கால் விழுந்துவிட்டது. மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை. மகள் மத்திய கிழக்கில். மருமகளோ விடிந்ததும் மலைக்கு ஏற வேண்டும். இருப்பது ஒரு காம்பராவும் ஓர் இஸ்தோப்பும்தான். கிழவியை யார் பார்ப்பது?

இதே கேள்வி ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளுக்கு முன் பிரான்சு நாட்டில் ஓர் ஏழைப் பெண்ணின் முன்னால் வந்து நின்றது. அவர்தான் புனித ஜீன் ஜூகன்.

1792ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், கான்கால் என்னும் மீனவர் ஊரில் அவர் பிறந்தார். சிறு பிள்ளையாய் இருந்தபோதே தந்தை கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஆடு மேய்த்தார், பதினாறு வயதளவில் பெரிய வீடொன்றில் சமையல் வேலைக்குப் போனார். பின்பு சென் செர்வான் நகருக்குச் சென்று ஆஸ்பத்திரியில் நோயாளரைக் கவனித்தார். உடல் களைத்துப்போகவே அதை விட்டு, வயதான ஒரு பெண்மணிக்குப் பல ஆண்டுகள் பணிவிடை செய்து, 1835இல் அவர் இறக்கும்வரை உடனிருந்தார். மரணப் படுக்கையின் அருகில் இருக்கும் பழக்கம் அவருக்கு இப்படித்தான் வந்தது.

1839ஆம் ஆண்டு, கடுங்குளிர் காலம். அவருக்கு அப்போது 47 வயது. கண் தெரியாத, பாரிசவாதத்தால் தளர்ந்த ஆன் சோவேன் என்னும் விதவைக்குக் கவனிக்க ஆளில்லை. ஜீன் அவரைத் தூக்கிவந்து தம் கட்டிலில் கிடத்தினார். தாம் பரணில் போய்ப் படுத்தார். அவர் வசதி படைத்தவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். இருந்த கட்டிலைக் கொடுத்தார், அவ்வளவுதான். அடுத்து இன்னொருவர் வந்தார். ஈராண்டுக்குள் பன்னிரண்டு முதியவர்கள் சேர்ந்துவிட்டனர். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை பிறந்த விதம் இது.

அந்த முதியவர்களுள் பலர் தெருவில் பிச்சை எடுத்து வாழ்ந்தவர்கள். அவர்களை மறுபடியும் அனுப்ப ஜீனுக்கு மனம் வரவில்லை. யார் யார் வீட்டில் கொடுத்தார்கள் என்று கேட்டறிந்து, கூடையைத் தாமே எடுத்துக்கொண்டு அந்த வாசல்களில் போய் நின்றார். முதியவரின் வெட்கத்தைத் தாம் ஏற்றுக்கொண்டார். 1845இல் பிரெஞ்சு அக்கடமி அவருடைய நற்பணிக்காக 3000 பிராங் பரிசளித்தது.

ஆயினும் வீட்டுக்குள்ளே அவருக்குச் சிலுவை காத்திருந்தது. 1843இல் சகோதரிகள் அவரையே மீண்டும் தலைவியாகத் தெரிந்தபோது, சபையை நடத்திய குருவானவர் லெ பாயேர் அதைத் தள்ளி, இளவயதினர் ஒருவரை நியமித்தார். 1852இல் ஜீன் மடத்துக்குள் ஒதுக்கப்பட்டார். இருபத்தேழு ஆண்டுகள்! இவரே தம் சபையைத் தொடங்கியவர் என்பதை அறியாமலே இளம் கன்னியர் அவரோடு வாழ்ந்தனர். முதியோருக்குக் கண்ணாயிருந்தவர் தாமும் முதிர்ந்து, பார்வை மங்கி, 1879 ஆகஸ்ட் 29இல் தமது 86ஆம் வயதில் இறந்தார். அப்போது சபையில் ஏறக்குறைய 2400 சகோதரிகள் இருந்தனர். உரோமை 1890இல் அக்குருவைப் பதவியிலிருந்து நீக்கியது. உண்மை மெல்ல வெளிவந்தது. 2009 அக்டோபர் 11இல் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட் ஜீனைப் புனிதராக அறிவித்தார்.

அவருடைய சகோதரிகள் 1888இல் நம் கொழும்புக்கும் வந்தார்கள். சாகும் தறுவாயில் உள்ளவரைத் தனியே விடாமல், இரவும் பகலும் முறைவைத்து அருகிருந்து செபிப்பது அவர்களுடைய வழக்கம்.

வாசகரே, தோட்டத்துப் பாட்டி தாத்தா எல்லோரும் கொழும்பு இல்லத்துக்குப் போக முடியாது. ஆனால் அந்த வழக்கம் லயத்துக்கு வரலாம். படுத்தவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் படுக்கைப் புண் குறையும். தலையை உயர்த்தி, கஞ்சியைச் சிறிது சிறிதாக ஊட்டுங்கள். விழுங்க முடியாதபோது வற்புறுத்தாமல் உதட்டை நனைத்துவிடுங்கள். வலியிருந்தால் மருந்துக்கு ஆஸ்பத்திரியை நாடுங்கள். பேச்சு நின்ற பின்னும் காது கேட்கலாம். ஆகையால் அவர் முன்னால் சாவுச் செலவைப் பற்றிப் பேசாமல் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நினைவு இருக்கும்போதே குருவானவரை அழையுங்கள். மருமகள் ஒருத்தியின் தலையில் எல்லாவற்றையும் போடாமல், அடுத்த காம்பராக்காரர் ஓரிரவு முறையெடுங்கள். அடக்கத்தோடு கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். 31ஆம் நாளுக்குப் பிறகுதான் தனித்துப்போன தாத்தாவின் இஸ்தோப்பு வெறிச்சோடும். அங்கே போய் ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

நாளை அந்த மூலையில் படுக்கப்போவது நாமே. ஜீன் கொடுத்தது ஒரு கட்டில். நம் காம்பராவில், வெளிச்சம் விழும் பக்கத்தை இன்றே பாட்டிக்கு ஒதுக்குவோமா?