நம்ம ஊரைப் பார்க்க வந்த தாவரவியல் பேராசிரியர்



மலர்க்குழுவினர் கல்லூரி நினைவுகளை எழுதித் தரச் சொன்னார்கள். அதைச் சுவையாக எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். நான் தாவரவியல் படித்துவிட்டுப் பிழைப்புக்காக நகரமைப்பு வேலைக்குப் போனவன். செடி கொடி படிச்சவனுக்குத் தெரு அளக்கிற இடத்துல என்ன வேலை என்று அப்போது எல்லாரும் கேலி செய்வார்கள். பிறகுதான், எனக்கு முன்னாலேயே ஒரு தாவரவியல் பேராசிரியர் தெரு அளக்க வந்திருக்கிறார், அதுவும் நம்ம காஞ்சிபுரத்துக்கே வந்திருக்கிறார் என்று தெரிந்தது. அவர் பெயர் பேட்ரிக் கெடிஸ். நகரமைப்புப் படித்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்காமல் தேர்வு எழுதியிருக்க முடியாது. மற்றவர்களுக்காக அவர் கதையைச் சொல்கிறேன்.

கெடிஸ் ஸ்காட்லாந்தில் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி பிறந்தார். லண்டனில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். வேடிக்கை என்னவென்றால், கடைசிவரை அவர் எந்தப் பட்டமும் வாங்கவில்லை. 1879-இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போன இடத்தில் சில காலம் கண் பார்வை போய்விட்டது. நுண்ணோக்கியில் நெடுநேரம் உட்கார முடியாது என்றானபின், அவர் பார்வை செடியிலிருந்து மெல்ல மனிதன் பக்கம் திரும்பியது. செடிக்கு மண்ணும் வெளிச்சமும் எப்படியோ, மனிதனுக்கு வீடும் தெருவும் தொழிலும் அப்படி என்று எண்ணத் தொடங்கினார்.

எண்ணியதோடு நிற்கவில்லை. 1886-இல் அன்னா மார்ட்டனைத் திருமணம் செய்துகொண்டார். வசதியான இடத்தில் இருந்தவர்கள், எடின்பரோவின் பழைய நகரத்தில் ஜேம்ஸ் கோர்ட் என்ற நெரிசலான குடியிருப்புக்கே குடிபோனார்கள். ஒரே அறையில் ஒரு குடும்பம், காற்றும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. புருஷனும் பெண்சாதியும் முதலில் தங்கள் வீட்டைச் சுத்தம் செய்து வெள்ளையடித்தார்கள், ஜன்னலில் பூச்செடி வைத்தார்கள். அக்கம்பக்கத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். இடிய வேண்டிய வீட்டை மட்டும் இடித்து, அந்த இடத்தைத் தோட்டமாக்கினார்கள். சேரியை ஒழிப்பதென்றால் அங்கிருக்கிற ஆட்களை ஒழிப்பதல்ல என்பதை அவர் பாடமாகச் சொல்லுமுன் வாழ்ந்து காட்டினார்.

1914-இல் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அவரை இந்தியாவுக்கு அழைத்தார். ஆயுள் முழுதும் சேர்த்த படங்கள், வரைபடங்கள் எல்லாவற்றையும் கண்காட்சிக்காகக் கப்பலில் அனுப்பினார். சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன் அந்தக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டது. மனுஷன் அசரவில்லை. நண்பர்கள் மறுபடி திரட்டி அனுப்பியதை வைத்து 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே விட்டார்.

பிறகு சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதினார். தஞ்சாவூரில் நெருக்கமான ஒரு பகுதியைத் திருத்தக் கோடு போட்டாற்போல் நேர் சாலைகளை வெட்டத் திட்டம் இருந்தது. கெடிஸ் ஒவ்வொரு சந்தாக நடந்து பார்த்தார். எந்த வீடு விழுகிற நிலையில் இருக்கிறது, எங்கே காலி மனை கிடக்கிறது என்று குறித்தார். சில பாழ் வீடுகளை மட்டும் எடுத்து, இங்கே ஒரு முற்றம், அங்கே ஒரு மரம் என்று மாற்றுத் திட்டம் போட்டார். செலவு பல மடங்கு குறைவு. வீடிழக்கும் குடும்பங்களும் சொற்பம். நல்ல டாக்டர் முதலில் நாடி பிடிப்பார், வெட்டுவதானால் கொஞ்சமாக வெட்டுவார் அல்லவா? இதற்குக் கெடிஸ் வைத்த பெயரும் அறுவைச் சிகிச்சையை ஒட்டியதுதான். இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

நம்ம ஊர் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. கோயிலும் தெருவும் தோட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தி வளர்ந்த நகரம் என்று வியந்து எழுதினார். தோட்ட நகரம் என்று மேல்நாட்டில் புதிதாகப் பேசிக்கொண்டிருந்ததை இங்கே பழசாகவே கண்டார். தேர் திரும்ப வேண்டும் என்பதற்காகவே அகலமாக நின்ற வீதிகளும், வீட்டுக்குப் பின்னால் கிணறும் தென்னையும் நமக்குச் சாதாரணம். அந்நியர் ஒருவர் வந்துதான் அதன் அருமையைச் சொல்ல வேண்டியிருந்தது.

1917 அவருக்குப் பொல்லாத வருஷம். மூத்த மகன் அலஸ்டேர் பிரான்சுப் போர்முனையில் ஏப்ரலில் இறந்தான். அன்னா அப்போது கல்கத்தாவில் காய்ச்சலில் கிடந்தார். செய்தியை மனைவிக்குச் சொல்லாமல் மறைத்தார் கெடிஸ். மகன் போனது தெரியாமலேயே ஜூனில் அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்தார். வேறொருவராக இருந்தால் ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பார். இவர் இந்தூருக்குப் போனார். அங்கே பிளேக் பயம். அபராதமும் மிரட்டலும் இல்லாமல் தீபாவளி ஊர்வலம் ஒன்று நடத்தினார். எந்தத் தெரு அதிகச் சுத்தமோ அந்தத் தெரு வழியாக ஊர்வலம். அழுக்கு அரக்கனும் பெரிய எலியும் பொம்மைகளாகப் போக, துப்புரவுப் பணியாளர்கள் புத்தாடை அணிந்து மரியாதையோடு நடந்தார்கள். வீடுகளுக்குத் துளசிச் செடி கொடுக்கப்பட்டது. ஊர்வலத்துக்காக ஜனங்கள் தாங்களே வீட்டைச் சுத்தம் செய்தார்கள்.

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். அதே ஆண்டுகளில்தான் பம்பாயில் அரசு மில் தொழிலாளர்களுக்காக வொர்லி, நாய்காவ் முதலிய இடங்களில் 207 சால் கட்டடங்களை எழுப்பியது. குடும்பத்துக்கு 160 சதுர அடியில் ஓர் அறை, கழிப்பறை பொது. நெரிசலை ஒழிக்கக் கட்டியதே நெரிசலானது. பின்னாளில் அவற்றையும் இடித்துக் கட்ட வேண்டி வந்தது. பம்பாய் கெடிஸைப் பேராசிரியராக வைத்துக்கொண்டது, அவர் வழியை வைத்துக்கொள்ளவில்லை.

உடல்நலம் குன்றி 1924-இல் நாடு விட்டுப் போனார். 1932 ஏப்ரல் 17-இல் பிரான்சின் மான்பெல்லியரில் காலமானார்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? நெசவாளி வீடு என்பது வீடு மட்டுமல்ல, பட்டறையும் அதுதான். குழித்தறிக்குத் தரை வேண்டும். மூன்று சேலைப் பாவை விரிக்க ஏறக்குறைய 60 அடிக்குக் குறையாத நேரான தெரு வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேகவதிக் கரையில் குடியிருந்தவர்களுக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி கட்டினார்கள். ஆற்றுக்கு வழிவிட வேண்டியதுதான், அதில் வாதமில்லை. ஆனால் மாடி வீட்டில் தறிக்குழி எங்கே வெட்டுவது? வேலை பார்க்கிற இடம் எவ்வளவு தூரம்? கட்டுவதற்கு முன் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. திட்டத்துக்கு முன் கணக்கெடுப்பு என்று கெடிஸ் ஆயுள் முழுதும் சொன்னது இதைத்தான்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கேடயம் கொடுக்கிறோம், நல்லது. அதோடு இப்போதைய மாணவர்கள் பத்துப் பேரை ஒரு நெசவாளர் தெருவுக்கு அனுப்புவோம். எத்தனை வீடு, எத்தனை தறி, எத்தனை பேர், எந்தச் சுவர் விழுகிறது என்று எழுதி வரட்டும். நகரமைப்புக்காரர்கள் நாங்கள் சிலர் இன்னும் நடமாட்டத்தோடுதான் இருக்கிறோம். வரைபடம் போட்டு மாநகராட்சியில் கொடுப்போம். தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் எந்தப் பாடம் படித்தாலும் சரி. தெரு அளக்கச் செடி கொடி படித்தவனும் வரலாம்.

— முன்னாள் மாணவன், பி.எஸ்ஸி. தாவரவியல் (1976–79)